பெயர்ப்பட்டியலில் உடன்படிக்கையைத் தேடுவது எப்படி? 1 நாளாகமம் 3-ல் ஒரு பயிற்சி

பைபிளை ஆதியாகமத்திலிருந்து வரிசையாக வாசித்து வருபவர்கள் பலர் 1 நாளாகமத்தில் திணறுவார்கள். முதல் 9 அதிகாரங்களும் பெரும்பாலும் பெயர்கள்தான். அத்தனையையும் ஒரே மூச்சில் முடிக்க வேண்டாம். 3-ம் அதிகாரத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், 24 வசனங்கள். ஒரு பென்சிலும் நோட்டும் போதும்.

படி 1: வாக்குறுதியை முதலில் வாசியுங்கள்

2 சாமுவேல் 7:12-16. தாவீது ராஜாவுக்குக் கர்த்தர் கொடுத்த இந்த வாக்குதான் நாம் தேடும் உடன்படிக்கை. தாவீதின் சந்ததி தவறு செய்தால் தண்டிப்பேன், ஆனால் என் கிருபை அவனைவிட்டு விலகாது என்கிறார் கர்த்தர். தண்டனை, விலகாத கிருபை இரண்டையும் நோட்டில் எழுதி வையுங்கள். இதைத் தெரியாமல் பட்டியலுக்குள் போனால் வெறும் பெயர்கள்தான் தெரியும்.

படி 2: மூன்றாகப் பிரியுங்கள்

1-9 தாவீதின் பிள்ளைகள். 10-16 அரசர்கள். 17-24 பாபிலோன் சிறையிருப்புக்குப் போன யூதாவின் ராஜா எகொனியாவின் சந்ததி. முதல் பகுதியை வேகமாகக் கடந்துவிடலாம்.

படி 3: இரண்டு பெயர்களுக்கு நடுவே நடந்ததைத் தேடுங்கள்

11-ம் வசனத்தில் அகசியாவுக்கு அடுத்து யோவாஸ் வருகிறான். பார்த்தால் சாதாரணமான தகப்பன், மகன். சரி, இப்போது 2 இராஜாக்கள் 11-ஐத் திறங்கள். அகசியா செத்ததும் அவன் தாய் அத்தாலியாள் ராஜவம்சத்தையே கொன்று தீர்க்கப் பார்க்கிறாள். குழந்தை யோவாசை மட்டும் அவனுடைய அத்தை யோசேபாள் தூக்கிக்கொண்டு போய் ஒளித்துவைக்கிறாள். 6 வருடம் ஆலயத்துக்குள்ளேயே வளர்கிறான். தாவீதின் அரச வரிசை அந்த ஆறு வருடமும் ஒரே ஒரு பிள்ளையை நம்பித்தான் நின்றது. பட்டியல் இதில் ஒன்றையும் சொல்லவில்லை; யோவாசின் பெயரை எழுதிவிட்டு அடுத்த ஆளுக்குப் போகிறது. அத்தாலியாள் ஆட்சி செய்தும் அவள் பெயர் இங்கே இல்லை. எனக்கு இந்த அதிகாரத்தில் மிகவும் பிடித்த இடம் இது.

படி 4: 17-ம் வசனத்தில் நின்று நிதானியுங்கள்

எகொனியா, யோயாக்கீன், கோனியா மூன்றும் ஒரே ஆள். புதிதாக வாசிப்பவர்கள் இங்கேதான் குழம்புவார்கள். கி.மு. 597-ல் பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்டவன். இவனைப் பிள்ளையில்லாதவன் என்று எழுதுங்கள் என்று எரேமியா 22:30 சொல்கிறது. இங்கேயோ 7 மகன்கள்! எரேமியாவின் வசனத்தை முழுக்க வாசியுங்கள்: இவன் சந்ததியில் எவனும் தாவீதின் சிங்காசனத்தில் வாழ்வடையமாட்டான் என்பதுதான் தீர்ப்பு. அது அப்படியே நடந்தது. வம்சமோ அறுந்துபோகவில்லை.

பாபிலோனில் கிடைத்த களிமண் பலகைகளிலும் யூதாவின் ராஜா யோயாக்கீனுக்கும் அவன் மகன்கள் 5 பேருக்கும் எண்ணெய் அளந்து கொடுத்த கணக்கு இருக்கிறது. கைதிகளின் ரேஷன் கணக்குதான், ஆனாலும் இந்த வசனத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க அருமையான சான்று.

படி 5: மோதிரத்தைப் பின்தொடருங்கள்

எரேமியா 22:24-ல் கோனியா முத்திரை மோதிரமாகவே இருந்தாலும் கழற்றி எறிவேன் என்கிறார் கர்த்தர். அப்புறம் ஆகாய் 2:23. அதே வம்சத்துச் செருபாபேலை முத்திரை மோதிரமாக வைப்பேன் என்கிறார். இது கி.மு. 520. செருபாபேல் ராஜா ஆகவில்லை, பாரசீகரின் கீழ் ஆளுநர்தான். எரேமியா சொன்ன தீர்ப்பும் நிற்கிறது, தாவீதுக்குக் கொடுத்த வாக்கும் நிற்கிறது. படி 1-ல் எழுதிய இரண்டையும் இப்போது எடுத்துப் பாருங்கள்.

(செருபாபேல் இங்கே பெதாயாவின் மகன், ஆகாயில் சலாத்தியேலின் மகன். இதற்குப் பல விளக்கங்கள் சொல்கிறார்கள். ஆரம்பத்திலேயே இதில் சிக்கிக்கொள்ள வேண்டாம்.)

படி 6: கடைசி வரை வாசியுங்கள்

செருபாபேலுக்குப் பிறகு வருபவர்கள் பெரும்பாலும் வேறெங்கும் பேசப்படாதவர்கள். சிங்காசனம் இல்லை, போர் இல்லை. இருந்தும் ஆனானி வரைக்கும் விடாமல் எழுதியிருக்கிறார் ஆசிரியர். தாண்டிப் போகாமல் வாய்விட்டு வாசியுங்கள்.

இது பழகிவிட்டால் அடுத்து 6-ம் அதிகாரம், ஆசாரியர்களின் வரிசை. 15-ம் வசனத்தில் சிறைப்பட்டுப் போகும் யோத்சதாக்கைக் குறித்துக்கொண்டு, அவன் மகன் யோசுவாவை ஆகாய் 1:1-ல் தேடுங்கள்.