மீன் குளத்துக்கு விரிப்பு: தண்ணீர் இறங்கியது எதனால்?

கொல்லையில் தோண்டி, தார்ப்பாய் விரித்த மீன் குளத்தில் தண்ணீர் நாள்தோறும் இறங்கிக்கொண்டே இருந்தது. வெயிலில் ஆவியாகிறதோ என்று பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் வைத்துப் பார்த்தேன். வாளியில் அவ்வளவு குறையவில்லை. பம்பை நிறுத்தினேன், அப்போதும் இறங்கியது. கடைசியில் ஓரிடத்தில் தானாக நின்றது. அந்த மட்டத்தில் தார்ப்பாயின் மடிப்பைத் தடவினால், மேல்பூச்சு வெடித்து உள்ளே பின்னிய இழை தெரிந்தது. ஒட்டுப் போட்டும் பக்கத்து மடிப்பில் கசிந்தது.

மாற்று தேடினேன். மலிவான பிவிசி விரிப்பில் நெடி தூக்கியது. மீனுக்கு ஏற்றது என்ற குறிப்பும் இல்லை, விட்டுவிட்டேன். ஹெச்டிபிஇ என்ற கெட்டியான பாலித்தீன் விரிப்பு விலை குறைவு, மீனுக்கும் தீங்கில்லை. ஆனால் விறைப்பு, வளைவுகளில் படியாது. குளத்துக்கென்றே விற்கும் 1 மி.மீ. இபிடிஎம் ரப்பரை எடுத்தேன். கூரைக்கு விற்பது வேறு ரகம், மீனுக்கு உகந்தது என்று எழுதியிருக்காவிட்டால் வேண்டாம்.

விரிப்பின் அளவு: குளத்தின் நீளத்தோடு ஆழத்தின் இரு மடங்கும், இரு ஓரத்துக்கும் 30 செ.மீ. வீதமும் கூட்ட வேண்டும், அகலத்துக்கும் அப்படியே. 3 × 2 மீட்டர், 60 செ.மீ. ஆழம் என்றால் 4.8 × 3.8 மீட்டர்.

ரப்பரை விரித்த அப்புறமும் தண்ணீர் கொஞ்சம் இறங்கியது! ரப்பருக்கு அடியில் போட்ட துணி விரிப்பின் நுனி ஓரத்தைத் தாண்டி உள்ளே தொங்கி, திரிபோல நீரை உறிஞ்சி வெளி மண்ணுக்குக் கடத்தியிருக்கிறது. அதை வெட்டி, ரப்பர் விளிம்பைக் கல்லுக்குப் பின்னால் நிமிர்த்தி வைத்தேன். மட்டம் நின்றுவிட்டது. அப்பாடா!