இராப்பலகை செய்து துருவ நட்சத்திரத்தின் உயரத்தை அளப்பது எப்படி?

சோழமண்டலக் கரையின் மாலுமிகள் இராப்பலகை என்றும் அரபு மாலுமிகள் கமால் என்றும் அழைத்த கருவி, நடுவில் துளையிட்ட ஒரு பலகையும் முடிச்சுகள் போட்ட ஒரு நூலும் மட்டுமே. துருவ நட்சத்திரம் தொடுவானத்திலிருந்து எத்தனை பாகை உயரத்தில் தெரிகிறதோ, ஏறத்தாழ அத்தனை பாகைதான் நாம் நிற்கும் இடத்தின் அட்சரேகை. அந்த உயரத்தை முடிச்சாகச் சேமித்து வைப்பதே இக்கருவியின் வேலை.

முதலில், 8 செ.மீ. உயரமும் 5 செ.மீ. அகலமும் கொண்ட மெல்லிய ஒட்டுப்பலகைத் துண்டு ஒன்றை வெட்டிக்கொள்ளுங்கள். மூலைவிட்டங்கள் வெட்டும் இடத்தில் துளையிட்டு, மெழுகு தடவிய பருத்தி நூலைக் கோத்துப் பின்புறம் முடிந்துவிடுங்கள். இழுத்தால் நீளும் நூல் கூடாது.

அடுத்தது முடிச்சு, கருவியின் உயிரே இதுதான். பலகையிலிருந்து சென்னைக்கு (13.1 பாகை) 34.8 செ.மீ., நாகப்பட்டினத்துக்கு (10.8) 42.3 செ.மீ., யாழ்ப்பாணத்தின் வடகரையிலுள்ள வல்வெட்டித்துறைக்கு (9.8) 46.7 செ.மீ., கன்னியாகுமரிக்கு (8.1) 56.5 செ.மீ. தொலைவில் முடிச்சு வர வேண்டும். பலகையின் பாதி உயரத்தை, பாகையில் பாதிக்குரிய டேன்ஜென்டால் வகுத்தால் இந்த அளவுகள் கிடைக்கும். முடிச்சே சிறிது நூலை விழுங்கிவிடும் என்பதால், போட்டு முடித்தபின் மறுபடி அளந்து சரிசெய்யுங்கள். நான் முதலில் செய்த பலகையில் சென்னை முடிச்சு 1 செ.மீ. உள்ளே விழுந்துவிட்டது, கடலில் அது 40 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பிழை.

பழைய மாலுமிகளுக்கு இந்தக் கணக்கே தேவைப்படவில்லை என்பது என்னை இன்றும் வியக்கவைக்கிறது. துறையில் நின்று நட்சத்திரத்தைப் பார்த்து, பல்லில் கடித்த நூலில் அந்த இடத்திலேயே முடிச்சிட்டால், கண்ணுக்கும் வாய்க்கும் உள்ள இடைவெளியால் வரும் பிழை ஒவ்வொரு முறையும் ஒரேபோல் வந்து தானாகவே கழிந்துவிடும். நாம் கணக்குப் போட்டு முடிச்சிட்டிருப்பதால், முடிச்சைக் கண்ணுக்குக் கீழே கன்ன எலும்பில் அழுத்திப் பிடிப்பதே சரி.

அளப்பதற்கு வடக்கே கடல் தெரியும் கரை வேண்டும். சென்னையில் கடல் கிழக்கே இருப்பதால் வடக்குத் தொடுவானம் கிடைப்பது கடினம். இராமேசுவரத்துக்கு அருகிலுள்ள மண்டபம் என்ற ஊரின் வடகரையும் வல்வெட்டித்துறையும் பொருத்தமானவை. நட்சத்திரமும் தொடுவானமும் சேர்ந்து தெரியும் அந்திப்பொழுதையோ நிலவொளி இரவையோ தேர்ந்தெடுங்கள். நூலை விறைப்பாக இழுத்து, பலகையை நேராக நிறுத்தி, கீழ் விளிம்பைத் தொடுவானத்தில் பொருத்துங்கள். நட்சத்திரம் மேல் விளிம்பைத் தொட்டால் அந்த முடிச்சுக்குரிய துறையின் அட்சரேகையில் நிற்கிறீர்கள். விளிம்புக்கு மேலே தெரிந்தால் வடக்கே, பலகைக்குப் பின்னால் மறைந்தால் தெற்கே இருக்கிறீர்கள். வங்கக் கடலிலிருந்து நாகப்பட்டினம் திரும்பும் கலம், அந்த முடிச்சு பொருந்தும் வரை வடக்கிலோ தெற்கிலோ நகர்ந்து, பிறகு உயரம் மாறாமல் மேற்கே ஓடினால் கரை சேரும்.

ஒரு திருத்தம் மட்டும் மிச்சம். துருவ நட்சத்திரம் வான்துருவத்திலிருந்து இன்று ஏறத்தாழ மூன்றில் இரண்டு பாகை விலகியிருப்பதால், இரவு முழுவதும் சிறு வட்டமிடுகிறது. ஆகவே, மார்கழியின் நீண்ட இரவொன்றில் மாலை அந்தியிலும் விடியலுக்கு முன்பும் அளந்து, இரண்டின் சராசரியை எடுத்துக்கொள்ளுங்கள்.