பல நாள் ரயில் டிரெயில் பயணம்: திரும்பி வரும் வழியை முதலில் முடிவு செய்யுங்கள்

முதல்முறையாக இரண்டு மூன்று நாள் சைக்கிள் பயணம் போக நினைப்பவர்களுக்கு நான் சொல்வது ரயில் டிரெயிலைத்தான். ஓடாமல் நின்றுபோன ரயில் பாதையில் தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டு, சரளை பரப்பி, நடப்பவர்களுக்கும் சைக்கிள் ஓட்டுபவர்களுக்கும் விட்ட தடம் அது. ரயில் எஞ்சின் செங்குத்தான மேட்டில் ஏறாது என்பதால் குன்றை வெட்டியும் பள்ளத்தை நிரப்பியும் அந்தக் காலத்திலேயே பாதையைச் சீராக்கியிருப்பார்கள். நெடுஞ்சாலை லாரிகளின் பயமும் இல்லை. சாலையைக் குறுக்கே கடக்கும் இடங்களில் மட்டும் நின்று பார்த்துப் போனால் போதும்.

மெல்பர்னில் இருப்பவர்களுக்கு நான் பரிந்துரைப்பது கிரேட் விக்டோரியன் ரயில் டிரெயில். டாலரூக்கிலிருந்து மான்ஸ்ஃபீல்ட் வரை, அலெக்ஸாண்ட்ராவுக்குப் பிரியும் கிளையையும் சேர்த்து 134 கிலோமீட்டர். 1978இல் ரயில் நின்றது, 2012இல் சைக்கிள் தடமாகத் திறந்தார்கள். கீழே சொல்வதெல்லாம் இந்தத் தடத்தை வைத்துத்தான். ஆனால் முறை எந்த ரயில் டிரெயிலுக்கும் பொருந்தும்.

படி 1: திரும்பும் வழி

எல்லோரும் முதலில் தங்கும் அறையைத் தேடுவார்கள். வேண்டாம். ரயில் டிரெயில் ஒருவழிப் பயணம். போய்ச் சேர்ந்த ஊரிலிருந்து நீங்களும் சைக்கிளும் எப்படி வீடு திரும்புவது என்பதுதான் முதல் கேள்வி.

டாலரூக்கில் வி/லைன் (விக்டோரியா மாநிலத்தின் வெளியூர் ரயில், பஸ் சேவை) ரயில் நிற்கும், சீமோர் ரயில் வழியில் வரும் நிலையம். ரயிலில் சைக்கிளை ஏற்றலாம், தனிக்கட்டணம் இல்லை. ஆனால் இடம் குறைவு, முன்பதிவும் கிடையாது. மான்ஸ்ஃபீல்டுக்கோ ரயிலே இல்லை, பஸ் மட்டும்தான். மடக்காத சைக்கிளை அந்தப் பஸ்ஸில் ஏற்ற முடியாது. டாலரூக்கில் தொடங்கி மான்ஸ்ஃபீல்டில் முடித்தால், கடைசி நாள் களைப்போடு போய் நிற்கும்போது ஊர் திரும்ப வழி இருக்காது.

அதனால் தலைகீழாக ஓட்டச் சொல்கிறேன். சைக்கிள் டிரெய்லர் வைத்த ஷட்டில் வேன்காரர்கள் இந்தப் பகுதியில் இருக்கிறார்கள். முதல் நாள் காலை ரயிலில் டாலரூக் போய், அங்கிருந்து வேனில் மான்ஸ்ஃபீல்ட் போய்விடுங்கள். காரில் வருபவர்கள் காரை டாலரூக்கில் விடலாம். அப்புறம் மூன்று நாளும் ரயில் நிலையத்தை நோக்கித்தான் ஓட்டுவீர்கள். பஞ்சரானாலும் மதியச் சாப்பாடு நீண்டாலும் கவலையில்லை. ஒரு ரயில் போனால் அடுத்தது வரும். மான்ஸ்ஃபீல்ட் மேட்டுநிலம், எனவே மொத்தக் கணக்கில் இறக்கமும் நம் பக்கம்.

வேனை இரண்டு மூன்று வாரம் முன்பே பேசிவிடுங்கள். எத்தனை சைக்கிள், அதில் இ-சைக்கிள் உண்டா என்று சொல்லுங்கள், எடை அதிகம் என்பதால் கேட்பார்கள்.

படி 2: நாட்களைப் பிரிப்பது

சரளையில் மணிக்கு 12 முதல் 15 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள், தார்ச்சாலை வேகத்தை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். என் கணக்கு இது: முதல் நாள் மான்ஸ்ஃபீல்டிலிருந்து யார்க், சுமார் 50 கிலோமீட்டர். வழியில் போனி டூனில் ஐல்டன் ஏரியின் மேல் செல்லும் நீளமான பாலத்தில் கட்டாயம் நில்லுங்கள். அதைத் தாண்டி மெர்ட்டன் கணவாய் வரும். யார்க் பக்கமிருந்து வந்தால் அது விடாத ஏற்றம், நமக்கோ அந்த நீளமெல்லாம் இறக்கம்.

இரண்டாம் நாள் யார்க்கிலிருந்து யே, முப்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். கால் வலு இருந்தால் கேத்கினில் பிரிந்து அலெக்ஸாண்ட்ரா போய் வாருங்கள், பழைய நிலையத்தில் மரம் ஏற்றிய சின்ன ரயில்களின் அருங்காட்சியகம் இருக்கிறது. யே ஊருக்கு முன்னால் செவியட் சுரங்கம். செங்கல் வளைவு, 201 மீட்டர் நீளம், உள்ளே விளக்கு கிடையாது. கூலிங்கிளாஸைக் கழற்றிவிட்டு முன்விளக்கைப் போட்டுக்கொண்டு நுழையுங்கள்.

மூன்றாம் நாள் கோல்பர்ன் ஆற்றை ஒட்டி டாலரூக் வரை சுமார் 38 கிலோமீட்டர். டிராவூல் பள்ளத்தாக்குதான் எனக்கு மொத்தத் தடத்திலும் பிடித்த பகுதி, அதை அவசரமாகக் கடக்க வேண்டாம் என்றே கடைசி நாளை 38 கிலோமீட்டரோடு நிறுத்தினேன்.

படி 3: தங்கலும் சாப்பாடும்

சின்ன ஊர்களில் திங்கள், செவ்வாயில் பல கடைகள் மூடியிருக்கும். பப்பில் அறை இருக்கும், சமையலறை எட்டு மணிக்கே அடைத்திருக்கும். அறை பேசும்போதே அன்று இரவுச் சாப்பாடு உண்டா என்று கேளுங்கள். சைவக்காரர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். சிப்ஸும் சாலட்டும் மட்டும் கிடைத்த ஊர்கள் உண்டு. சமையல் வசதியுள்ள கேரவன் பார்க் கேபின் கிடைத்தால் நான் அதைத்தான் எடுப்பேன். ஒரு பொட்டலம் ரவையும் புளிக்காய்ச்சலும் பையில் இடம் அடைக்காது.

படி 4: சைக்கிளும் பையும்

ரோடு பைக்கின் மெல்லிய டயர் ஒத்துவராது. 35 மில்லிமீட்டருக்குக் குறையாமல் போடுங்கள், 40 என்றால் நிம்மதி. முதுகுப்பை வேண்டவே வேண்டாம். பின் கேரியரில் இரண்டு பானியர் பைகள், உள்ளே துணிக்குத் தனியாக ஒரு பிளாஸ்டிக் பை. இரண்டு டியூப், டயர் லீவர், கைப்பம்பு. கோடை முடிவில் தடத்தின் ஓரத்தில் நெருஞ்சி முள் இருக்கலாம், புல்லில் சைக்கிளைச் சாய்க்காதீர்கள். பாம்புக்கடிக்கு அழுத்தக் கட்டு போட இழுபடும் துணிச்சுருள் ஒன்றும் வேண்டும். ஹெல்மெட் விக்டோரியாவில் சட்டப்படி கட்டாயம்.

தண்ணீர் ஆளுக்கு மூன்று லிட்டர். இடையில் குழாய் இருக்கும் என்று நம்பி இறங்காதீர்கள். மார்ச் முதல் மே வரை நல்ல பருவம். ஜனவரி, பிப்ரவரியில் வெயிலும் காட்டுத்தீயும் இருப்பதால் விக்எமர்ஜென்சி என்ற அவசர எச்சரிக்கைச் செயலியைப் பார்க்காமல் கிளம்பாதீர்கள். செப்டம்பரில் மேக்பை பறவை பின்னாலிருந்து தலையைத் தாக்கும். இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்துவிடுங்கள்.

வரைபடத்தை வீட்டிலேயே தரவிறக்கி வையுங்கள், நடுவில் சிக்னல் போகும். என் விருப்பம் ரைட் வித் ஜிபிஎஸ் என்ற வழிகாட்டிச் செயலி.

பின் சேர்க்கை: பராமரிப்பு வேலை நடக்கும் வார இறுதிகளில் ரயிலுக்குப் பதில் பஸ் விடுவார்கள், அதிலும் சைக்கிள் ஏறாது என்று வாசகர் ஒருவர் கருத்துப் பகுதியில் நினைவூட்டினார். மிகச் சரி. தேதியை முடிவு செய்யும் முன் சீமோர் ரயில் வழியில் அந்த நாட்களில் வேலை இருக்கிறதா என்று வி/லைன் தளத்தில் பாருங்கள். பயணத்துக்கு முந்தின நாளும் ஒருமுறை பாருங்கள். வேலை இருந்தால் தேதியை மாற்றுங்கள், இல்லையென்றால் மெல்பர்னிலிருந்தே ஏற்றிப்போகும் வேனைப் பேசுங்கள்.