நாடக உடைக்குப் பழங்காலத் துணி எடுக்கிறவர்கள் கவனத்துக்கு

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் இருக்கும் என் தையல் அறைக்கு வருஷத்துக்கு நாலைந்து பேராவது பழங்கால உடை தைக்கக் கற்றுக்கொள்ள வருகிறார்கள். பள்ளி ஆண்டு விழா, கல்லூரி நாடகம், கடற்கரைச் சாலையில் போட்டோ எடுக்க பிரெஞ்சு கவர்னர் டூப்ளே காலத்து கவுன் என்று ஆளுக்கொரு காரணம். துணியை முதலில் வாங்கிவிட்டு, பையோடுதான் வருகிறார்கள். பையைத் திறந்ததுமே பதினைந்து வருஷத்துக்கு முந்தைய என் கூத்தெல்லாம் ஞாபகத்துக்கு வந்துவிடும். பாலியஸ்டரைப் பட்டு என்று நம்பி ஏமாறுவது, கவர்னர் கோட்டுக்கு ஜிப் வைப்பது பற்றியெல்லாம் எழுதப்போவதில்லை. முதலாவதை ஒரு நூலில் தீக்குச்சி காட்டியே கண்டுபிடித்துவிடலாம். இரண்டாவதை முன்வரிசையில் இருப்பவர்களே சொல்லிவிடுவார்கள்.

"பழைய டிசைன்" என்ற பேச்சை நம்புவது

இதுதான் எனக்கு இன்றும் எரிச்சல் மூட்டுவது.

ஒரு பள்ளி நாடகத்துக்கு மதாம் டூப்ளேவின் கவுன் தைக்கச் சொன்னார்கள். டூப்ளே இங்கே கவர்னராக இருந்தது 1742 முதல் 1754 வரை. பாரிஸில் இருக்கும் என் சித்தப்பா மகளுக்குப் போன் போட்டு, "பழைய காலத்துப் பூப்போட்ட காட்டன், பார்த்து எடுத்து வா" என்றேன். பழைய அச்சைப் பார்த்துப் புதிதாக அடித்த துணி பதினாறு மீட்டர் கொண்டுவந்தாள். காவியும் ரோஜாவுமாகப் பொடிப் பொடிப் பூக்கள். எனக்கு ஒரே சந்தோஷம். ஓரத்தை வெட்டிக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டு, மூன்று வாரம் உட்கார்ந்து தைத்தேன்.

நாடகம் முடிந்ததும் ஒரு ஓய்வுபெற்ற சரித்திர ஆசிரியர் மேடைக்குப் பின்னால் வந்தார். கவுனின் மடிப்பைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். "நல்லாத்தான் தைச்சிருக்கீங்கம்மா. ஆனா இது மதாம் டூப்ளேவோட பேத்திக்குப் பேத்தி போட வேண்டிய பூவாச்சே" என்றார். வீட்டுக்கு வந்து கூடையைக் கிளறினேன். வெட்டிப் போட்ட ஓரத்தில் பொடி எழுத்தில் "1880" என்று அச்சடித்திருந்தது. ஏழாயிரத்துச் சொச்சம் ரூபாய், மூன்று வாரக் கண்வலி. பதில் அந்த ஓரத்திலேயே இருந்திருக்கிறது.

பழைய துணி என்று பொதுவாக எதுவும் கிடையாது. எந்த வருஷத்துத் துணி என்பதுதான் கேள்வி. செம்பு உருளையில் துணி அச்சடிக்கும் முறைக்கு இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கியதே 1783-இல்தான். டூப்ளே காலத்தில் மரக்கட்டை அச்சு, இல்லையென்றால் கலம் என்ற எழுதுகோல் பிடித்துக் கையால் வரைவது. பக்கத்துப் பக்கத்துப் பூவை உற்றுப் பாருங்கள். கைவேலையில் ஒரு பூவின் இதழ் கொஞ்சம் தடித்திருக்கும், அச்சு சேருமிடத்தில் ஒரு பிசிறு தெரியும். என் பதினாறு மீட்டரிலும் ஒரு பூவுக்கும் அடுத்த பூவுக்கும் மயிரிழை வித்தியாசம் கிடையாது.

அடுத்து பச்சை. அந்தக் காலத்துச் சீட்டித் துணியில், அதாவது பூப்போட்ட பருத்தித் துணியில், இலைக்கு நீலமும் மஞ்சளும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பூசித்தான் பச்சை வரவழைத்தார்கள். மஞ்சள் சீக்கிரம் வெளுத்துவிடும். மியூசியத்தில் இருக்கும் சீட்டிகளில் பல இலைகள் நீலமாகத் தெரிவது அதனால்தான். இலையின் கோடு தாண்டி வழியாத ஒரே சீரான கிளிப்பச்சையைப் பார்த்தால் சந்தேகப்படுங்கள். கண்ணைப் பறிக்கும் ஊதாவும் அப்படித்தான். அந்தச் செயற்கைச் சாயம் 1856-இல் வந்தது. சிவப்புக்கு இந்தக் கரையோரத்தில் சாயவேரும் படிகாரமும் இருந்தன, அந்தச் சிவப்பு ஒருநாளும் பிளாஸ்டிக் வாளி நிறத்தில் வராது.

டூப்ளே காலத்துக்கு இப்போது நான் எடுப்பது வெள்ளைத் தரையில் கொடியோடும் ஆந்திரக் கலம்காரி. காளஹஸ்தித் துணி கையால் வரைந்தது, விலை அதிகம். மசூலிப்பட்டினத்தது கட்டை அச்சு, அதில் ஸ்கிரீன் பிரிண்டும் கலந்து வருவதால் பிரித்துப் பார்த்துதான் வாங்குவேன். வாங்கியதும் கஞ்சி போட்டு, பாதி ஈரத்தில் கண்ணாடி பாட்டிலின் அடிப்பாகத்தால் அழுத்தித் தேய்ப்பேன். பழைய சீட்டிக்கு இருந்த மினுமினுப்பு கொஞ்சமாவது வரும். கை வலிக்கும், அதற்கு நான் பொறுப்பல்ல.

போன மாதம் ஒரு பெண் வந்தாள். அதே பொடிப் பூ, பன்னிரண்டு மீட்டர்.

"ஓரம் எங்கம்மா?"

"அது அசிங்கமா இருந்துச்சுன்னு வெட்டிட்டேன் அக்கா."

சிப்பாய் கோட்டுக்கு ஃபெல்ட்

ஃபெல்ட் என்பது நெய்யாமல் இழையை அழுத்திச் செய்த துணி, இரண்டாவது ஒத்திகையிலேயே முழங்கையில் பிய்ந்துவிடும். சிப்பாய்கள் போட்டது சகலாத்து. கம்பளி நூலில் அகலமாக நெய்து, தண்ணீரில் போட்டு மிதித்து அடித்துச் சுருங்கவைத்த துணி அது. இழை ஒன்றோடொன்று இறுகிவிடுவதால் வெட்டின ஓரம் பிரியாது, பல இடங்களில் மடித்துத் தைக்காமல் அப்படியே விட்டார்கள். உண்மையான சகலாத்துக்குப் பணம் இல்லையென்றால் கனமான கம்பளி பிளேசர் துணி எடுங்கள்.

போன் திரையில் கலர் பார்த்து வாங்குவது

வேண்டாம்.

பாரதி கோட்டு

பளபளக்கக் கூடாது. அவர் 1908-இலிருந்து பத்து வருஷம் இந்த ஊரில்தான் இருந்தார், நம் ஊர்ப் பிள்ளைகளாவது சாட்டின் போடாமல் இருக்கட்டும்.

அகலத்தை மறந்து மீட்டர் கணக்குப் போடுவது

பதினெட்டாம் நூற்றாண்டுப் பட்டு சுமார் 20 அங்குல அகலம்தான். இன்று கடையில் கிடைப்பது 44 அல்லது 58. பழைய கவுன் அளவைப் பார்த்து மீட்டரை அப்படியே வாங்கினால் பாதித் துணி மிஞ்சிவிடும். அகலத் துணியை முழுசாக வைத்துத் தைத்தாலும் தப்புதான், தையல் விழ வேண்டிய இடத்தில் விழாது. 44-ஐ நீளவாக்கில் இரண்டாகக் கிழித்தால் 22 அங்குலப் பட்டை இரண்டு கிடைக்கும். அதைச் சேர்த்துத் தைத்தால் முதுகு மடிப்பு தானாகவே சரியான இடத்தில் உட்காரும்.

நனைக்காமல் வெட்டுவது

ஒரு ராத்திரி தண்ணீரில் போடுங்கள். உள்துணிக்கு எடுக்கும் காடாவையும்தான். காடா சுருங்கி மேல்துணி சுருங்காமல் இருந்தால், கவர்னர் மனைவி முதுகில் மூட்டை கட்டினமாதிரி நிற்பார்.