மகளோடு அமர்ந்து ‘திரீ கேர்ள்ஸ்’ பார்ப்பது எப்படி?

வடமேற்கு இங்கிலாந்தின் ராச்டேல் பகுதியில் பதின்பருவச் சிறுமிகளை ஆண்கள் சிலர் கூட்டாகச் சேர்ந்து பாலியல் சுரண்டலுக்கு உள்ளாக்கிய உண்மை வழக்கை அடிப்படையாகக் கொண்டு, பிபிசி ஒன் தொலைக்காட்சி 2017 மே 16, 17, 18 ஆகிய மூன்று இரவுகளில் ஒளிபரப்பிய குறுந்தொடர் ‘திரீ கேர்ள்ஸ்’. நிக்கோல் டெய்லர் எழுத, பிலிப்பா லோதோர்ப் இயக்கிய இத்தொடர், அடுத்த ஆண்டு சிறந்த குறுந்தொடருக்கான, பிரிட்டனின் பாஃப்டா தொலைக்காட்சி விருதைப் பெற்றது. ஹோலி என்ற சிறுமியாக நடித்த மோலி வின்ட்சருக்குச் சிறந்த நடிகை விருதும் கிடைத்தது. வளரும் மகளுக்கு எதைச் சொல்லிக் கொடுப்பது, எப்படிச் சொல்வது என்று தடுமாறும் பெற்றோருக்கு இத்தொடர் உதவும். ஆனால் அதற்குப் பார்க்கும் முறை முக்கியம்.

முதலில் நீங்கள் தனியாகப் பார்த்துவிடுங்கள். வன்முறையை விரிவாகக் காட்டிப் பரபரப்பூட்டும் தொடரன்று இது. ஆயினும் பிரிட்டனிலேயே இரவு ஒன்பது மணிக்குத்தான் ஒளிபரப்பினார்கள். பதினைந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளையுடன் பார்க்க வேண்டாம் என்பது என் கருத்து. ஒரு மணி நேர அளவிலான மூன்று பகுதிகளையும் ஒரே மூச்சில் பார்க்காமல், பகுதிக்கு ஒரு மாலை என்று ஒதுக்குங்கள். ராச்டேல் வட்டாரப் பேச்சு நம் காதுக்கு எளிதில் பிடிபடாது என்பதால் வசன வரிகளைப் போட்டுக்கொள்வது நல்லது.

பெரும்பாலான பெற்றோர் கொடுமை நிகழும் காட்சியில் தொடரை நிறுத்தி, “பார்த்தாயா, இதற்குத்தான் கண்ட இடத்துக்குப் போகாதே என்கிறேன்” என்று தொடங்கிவிடுவார்கள். அந்த இடத்தில் பேசிப் பயனில்லை. பிள்ளைக்கு அங்கே அச்சமும், தன்னையே குற்றம்சாட்டுகிறார்களோ என்ற குறுகலும்தான் மிஞ்சும். நிறுத்த வேண்டிய இடம் அதற்கு வெகு முன்னதாகவே வருகிறது. புதிய ஊருக்குக் குடிவந்து தோழிகள் இல்லாமல் தவிக்கும் ஹோலி, சகோதரிகளான ஆம்பர், ரூபி இருவரோடும் பழகத் தொடங்கி, அவர்களுடன் ஒரு கபாப் கடைக்குப் போகிறாள். அங்கே சாப்பாட்டுக்குக் காசு வாங்குவதில்லை, மதுவும் கிடைக்கிறது, வீட்டில் போல ஏன், எங்கே என்று யாரும் கேட்பதுமில்லை. எல்லாரும் சிரித்துப் பேசும் அந்தக் காட்சியில் தொடரை நிறுத்தி, “அந்தக் கடைக்காரர் ஏன்ம்மா காசு வாங்கல? உனக்கு என்ன தோணுது?” என்று மட்டும் கேளுங்கள், விடையை நீங்களே சொல்லிவிடாதீர்கள். பிள்ளை “நல்லவரா இருக்கலாம்ல” என்று சொன்னாலும் மறுக்காமல் மேலே பாருங்கள். கொடுத்ததற்கெல்லாம் ஈடு கேட்கும் கட்டம் விரைவிலேயே வந்துவிடும். அப்போது மீண்டும் நிறுத்தி, முன்பு இலவசமாகத் தெரிந்தது எப்போது கடனாக மாறியது என்று அவளையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். இலவச உணவு, காரில் ஏற்றிச் செல்வது, ‘நீ வயதுக்கு மீறின புத்திசாலி’ என்ற புகழ்ச்சி, பிறகு ‘இது நமக்குள் இருக்கட்டும்’ என்ற பேச்சு என்று படிப்படியாக வசப்படுத்தும் முறை இங்கிலாந்துக்கு மட்டும் உரியதன்று. நம் ஊரில் அதே வேலையைக் கைப்பேசி ரீசார்ஜும், இன்ஸ்டாகிராமில் நள்ளிரவில் வரும் ‘சாப்பிட்டியா?’வும் செய்கின்றன.

இரண்டாவதாக நிறுத்த வேண்டிய இடம் காவல் நிலையம். இத்தொடரின் ஆற்றலே இங்குதான் இருக்கிறது என்பேன். உண்மை வழக்கில், 2008இல் கடையொன்றில் பொருள்களை உடைத்ததற்காகக் கைதான சிறுமி (தொடரில் ஹோலி), தனக்கு நேர்ந்த கொடுமையைக் காவலர்களிடம் சொன்னாள்; ஆனால் அவள் நம்பத்தகுந்த சாட்சியாக இருக்க மாட்டாள் என்று கருதி, அரசு வழக்குத் தொடுப்புத் துறை 2009இல் அந்த வழக்கைக் கைவிட்டது. குடிப்பவள், அடங்காதவள் என்ற முத்திரையே குற்றவாளிகளுக்குக் கேடயமாகிவிட்டது. மாக்சின் பீக் நடித்துள்ள பாலியல் நலப் பணியாளர் சாரா ரோபாதம், ஆபத்திலிருக்கும் சிறுமிகளைப் பற்றி அதிகாரிகளுக்கு மீண்டும் மீண்டும் எழுதியும் அசைவில்லை. 2011இல் தலைமை வழக்குத் தொடுப்பாளராக வந்த நசீர் அஃப்சல் பழைய முடிவை மாற்றிய பிறகே, 2012 மே மாதத்தில் ஒன்பது பேர் தண்டனை பெற்றனர். “இவள் சொன்னதை ஏன் யாரும் நம்பவில்லை?” என்று மகளிடம் கேட்பதோடு, “நீ வந்து சொன்னால் நான் நம்புவேன் என்று உனக்குத் தோன்றுகிறதா?” என்றும் கேட்டுவிடுங்கள். விடை உங்களுக்கு உவப்பாக இல்லாவிட்டாலும் அப்போதே வாதாடத் தொடங்காதீர்கள்.

ஆம்பரைப் பற்றித் தனியாகப் பேச வேண்டும். தானும் சீரழிக்கப்பட்டவள், அதே வேளையில் மற்றச் சிறுமிகளை அங்கே அழைத்துச் செல்பவளாகவும் ஆக்கப்பட்டவள். காவல்துறை அவளை முதலில் பேசவைத்துவிட்டு, பிறகு சாட்சியாகவும் சேர்க்காமல் குற்றப்பத்திரிகையில் சதியாளர்களோடு அவள் பெயரை எழுதியதை மூன்றாம் பகுதி காட்டுகிறது. அவளைப் பேசவைத்த காவல் அதிகாரி மேகி ஆலிவர் இதை எதிர்த்துப் பணியிலிருந்து விலகினார். 2022இல், ராச்டேல் அடங்கிய கிரேட்டர் மான்செஸ்டர் வட்டாரக் காவல்துறை, பாதிக்கப்பட்ட மூன்று பெண்களிடம் மன்னிப்புக் கேட்டது. ஆபத்து எப்போதும் முன்பின் அறியாத ஆணின் வடிவில் வருவதில்லை, நம்பிய தோழியின் கைபிடித்தும் வரும் என்பதை ஆம்பரை வில்லியாக்காமல் விளக்குவது கடினம். அவசரப்பட்டு அவள் மீது தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள்.

தண்டிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் பாகிஸ்தான் பின்னணி கொண்டவர்கள் என்பதால், ‘அந்த ஆட்களே அப்படித்தானா?’ என்ற கேள்வியும் பிள்ளையிடமிருந்து வரக்கூடும். இனத்தைப் பற்றிய தயக்கம் அதிகாரிகளின் கையைக் கட்டியதா என்று பிரிட்டனில் நீண்ட விவாதமே நடந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை; குற்றவாளிகளைக் கூண்டில் ஏற்றிய அஃப்சலும் பாகிஸ்தான் வம்சாவளியினர்தான் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

தொடர் முடிந்த இரவிலோ, சில நாள் கழித்தோ, மகள் தனக்கு நேர்ந்த ஒன்றைச் சொல்லத் தொடங்கினால், ‘நீ ஏன் அங்கே போனாய்?’ என்ற கேள்வியை விழுங்கிவிடுங்கள். கைப்பேசியைப் பிடுங்காதீர்கள், பிடுங்கினால் அடுத்த முறை வாய் திறக்க மாட்டாள். மேலும், அதிலுள்ள உரையாடல்களும் படங்களும் சான்றாகத் தேவைப்படும் என்பதால் எதையும் அழிக்கக் கூடாது. இந்தியாவில் 1098 என்ற எண்ணிலும், இலங்கையில் 1929 என்ற எண்ணிலும் குழந்தைகளுக்கான உதவியைப் பெறலாம். இந்தியாவில், பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி பதினெட்டு வயது நிரம்பாத எவரும் குழந்தையே. வாக்குமூலத்தை வீட்டிலோ, பிள்ளை விரும்பும் இடத்திலோ பெறலாம்; இயன்றவரை உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரி அதைப் பதிவு செய்ய வேண்டும்; அப்போது அவர் சீருடையில் இருக்கக் கூடாது. பிள்ளையைக் காவல் நிலையத்தில் இரவில் வைத்திருக்கவும் சட்டம் இடம் தரவில்லை. காவல் நிலையம் என்றாலே மகள் நடுங்கினால், இவற்றை அவளிடம் முதலில் சொல்லிவிட்டுப் பிறகு தொலைபேசியை எடுங்கள்.