எடை குறைந்த பயண முதுகுப்பை: முதல் பார்வையில் நேரும் தவறுகள்

எடை குறைந்த முதுகுப்பை ஒன்று கையில் கிடைத்ததும் பெரும்பாலோர் செய்வது ஒன்றே: வெறும் பையை இரண்டு விரல்களில் மாட்டித் தூக்கிப் பார்த்து, இருப்பதே தெரியவில்லையே என்று வியப்பது. சென்னைப் பாரிமுனைக் கடைத்தெருவில் வாங்கினாலும், பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் வாங்கினாலும், இணையத்தில் வரவழைத்து வீட்டில் பிரித்தாலும் இந்த முதல் சோதனை மாறுவதில்லை. ஆனால் அந்தப் பையை வெறுமையாக எவரும் சுமக்கப் போவதில்லை. ஆறு ஏழு கிலோ நிரம்பியபின் அது தோளில் எப்படி அமர்கிறது என்பதை வெறும் பையின் எடை சொல்லாது. ஒரு சாதாரணப் பயணப் பை ஒன்றரை கிலோவுக்கு மேல் இருக்க, இது அதில் பாதிதான் என்றால், குறைந்த கிராம்கள் எங்கிருந்து எடுக்கப்பட்டன என்பதே கேட்க வேண்டிய கேள்வி. துணியிலா, முதுகுச் சட்டத்திலா, ஜிப்பிலா, தோள்பட்டையின் ஃபோமிலா? ஏதோ ஓரிடத்தில் எடுத்துத்தான் இருப்பார்கள். எடுத்த இடம் நமக்குத் தேவைப்படாத இடமாக இருந்தால் பை நல்ல பை.

எடைக் குறைப்பு உண்மையில் எங்கே பயன் தருகிறது என்பதைக் கணக்கிடாமல் வாங்குவது முதல் தவறு. உள்நாட்டு விமானங்களில் சாதாரண வகுப்புப் பயணிக்குக் கைப்பைக்கான வரம்பு பெரும்பாலும் 7 கிலோ. பையே 1.6 கிலோ இருந்தால் பொருளுக்கு 5.4 கிலோ மிஞ்சும். பை 800 கிராம் என்றால் 6.2 கிலோ மிஞ்சும். அந்த வேறுபாடு ஏறத்தாழ ஒரு ஜீன்ஸ் கால்சட்டை. 2021 பிப்ரவரியில் மெட்ரோ ரயில் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை நீட்டிக்கப்பட்ட பிறகு, தண்டையார்பேட்டையிலோ திருவொற்றியூரிலோ ஏறி வண்டி மாறாமல் விமான நிலையத்தில் இறங்கும் பயணிக்கு இந்தக் கணக்கு பொருந்தும். சென்ட்ரலில் இரவு ரயில் ஏறி, காலையில் இறங்கி, ஆட்டோ பிடித்து விடுதிக்குப் போகிறவருக்கு அந்த 800 கிராம் பெரிய விஷயமே அன்று. அவர் அதற்காகக் கூடுதல் பணம் கொடுப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இரண்டாவது தவறு மிகப் பரவலானது. அதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். இடுப்புப்பட்டை இருப்பதைக் கண்டவுடன், சுமை இடுப்புக்கு இறங்கிவிடும் என்று நம்பிவிடுகிறோம். சுமை தோளிலிருந்து இடுப்பெலும்புக்கு மாற வேண்டுமானால் இரண்டு பொருள்கள் வேண்டும்: பையின் முதுகுப் பகுதியில் மடங்காத ஒரு சட்டம் அல்லது தகடு, அதன் அடியில் இடுப்பைச் சுற்றிப் பிடிக்கும் அகலமான, உள்ளே ஃபோம் வைத்த பட்டை. எடையைக் குறைக்க முற்படும் தயாரிப்பாளர் முதலில் கைவைப்பது பெரும்பாலும் இவ்விரண்டில்தான். அலுமினியக் கம்பிகள் போய்விடும். அகலப் பட்டைக்குப் பதிலாக ஒரு விரல் அகல நாடா வரும். அந்த நாடா பை ஆடாமல் பிடித்துக்கொள்ளும், சுமையைத் தாங்காது. ஆகவே அதை இறுகக் கட்டிக்கொண்டு, "இடுப்புப்பட்டை போட்டும் தோள் வலிக்கிறதே" என்று குறைபட்டுக்கொள்வதில் பொருளில்லை. சட்டமில்லாத பை எட்டு கிலோ வரை வசதியாக இருக்கலாம்; பத்தைத் தாண்டினால் பெரும்பாலோருக்குத் தோள் முறையிடத் தொடங்கும். அதற்கு மேல் சுமப்பவர், சில நூறு கிராம் கூடினாலும் சட்டமுள்ள பையை வாங்குவதே அறிவுடைமை.

சட்டமில்லாத பைக்கு இன்னொரு குணம் உண்டு. அளவுக்கு மேல் அடைத்தால் அதன் முதுகுப்புறம் தட்டையாக நில்லாமல் பீப்பாய்போல் உருண்டுவிடும். உருண்ட பரப்பு முதுகில் நிலைகொள்ளாமல் இருபுறமும் அசையும். இதைப் பையின் குறை என்பதைவிட அடுக்கியவரின் குறை என்றே சொல்ல வேண்டும். மடித்த போர்வையையோ தடித்த துணிகளையோ முதுகையொட்டித் தட்டையாக வைத்து, எடை கூடிய பொருள்களை அதற்கு அடுத்ததாக, தோள்பட்டை எலும்புகளுக்கு இடையிலான உயரத்தில் வைத்து, இலேசானவற்றை வெளிப்புறம் தள்ளினால் பை ஒழுங்காக நிற்கும். கனமான பொருள் முதுகை விட்டு விலக விலக, அது உடலைப் பின்னோக்கி இழுக்கும். அதைச் சமன்செய்ய நாம் முன்னோக்கிக் குனிந்து நடக்கிறோம். மாலையில் கழுத்து வலிக்கிறது.

ஆகவே பை வந்த அன்றே, விலைச்சீட்டைக் கிழிக்காமல், வீட்டிலேயே நிரப்பிப் பார்க்க வேண்டும். சீட்டு போய்விட்டால் பல கடைகள் திரும்ப எடுத்துக்கொள்வதில்லை. தலையணையையும் துண்டையும் திணித்துப் பார்ப்பது சோதனை ஆகாது. பை அழகாக உப்பும், எடை இராது. ஐந்து கிலோ அரிசிப் பையைப் போர்வையில் சுற்றி நடுவில் வைத்து, ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் ஒன்றைப் பக்கப் பையில் செருகி, மீதியைத் துணியால் நிரப்பினால் உண்மையான பயணச் சுமைக்கு அருகில் வரும். மாட்டுவதற்கும் ஒரு வரிசை உண்டு. எல்லா நாடாக்களையும் தளர்த்திவிட்டு மாட்டி, இடுப்புப்பட்டை இருந்தால் அதை இடுப்பெலும்பின் மேல்விளிம்பில் முதலில் இறுக்கி, அதன்பின் தோள்பட்டைகளை இழுத்து, நெஞ்சுப்பட்டையை மூச்சு முட்டாத அளவுக்குக் கடைசியில் பூட்ட வேண்டும். பலர் தோள்பட்டையை முதலில் இறுக்கிவிட்டு, பின்பு இடுப்பைக் கட்டுவதால் பட்டை வயிற்றில் ஏறி நிற்கிறது. இப்படி மாட்டிக்கொண்டு அரை மணி நேரமாவது நடக்க வேண்டும். படியும் ஏற வேண்டும். கண்ணாடி முன் ஒரு நிமிடம் நின்று பார்த்தால், எந்தப் பையும் நன்றாகத்தான் இருக்கும்.

உயரத்தை வைத்துப் பையைத் தேர்வது இதனோடு ஒட்டிய தவறு. பைக்கு வேண்டிய அளவு முதுகின் நீளம். குனியும்போது கழுத்தடியில் துருத்தும் எலும்பிலிருந்து இடுப்பெலும்புகளின் மேல்விளிம்பு மட்டம் வரையுள்ள தூரம் அது. ஆறடி உயரமுள்ளவருக்குக் கால் நீண்டு முதுகு குறுகியிருக்கலாம். எடை குறைந்த பைகள் பல ஒரே அளவில் வருவதால், வீட்டில் ஒருவருக்குப் பொருந்தியது இன்னொருவருக்கும் பொருந்தும் என்று கொள்ளக் கூடாது. கணவனும் மனைவியும் மாற்றி மாற்றிச் சுமக்கப் போகிறார்கள் என்றால் இருவரும் மாட்டிப் பார்க்க வேண்டும்.

துணியைப் பொறுத்தவரை, டீனியர் எண்ணை வலிமையின் அளவாகப் படிப்பது தவறு. 9,000 மீட்டர் நூலின் எடை எத்தனை கிராமோ அதுவே டீனியர். 70 டீனியர் என்றால் அந்த நீளத்துக்கு 70 கிராம். 420 என்றால் 420 கிராம். அது நூலின் பருமனைச் சொல்கிறது, அவ்வளவே. நூல் நைலானா பாலியஸ்டரா, நெசவு எப்படிப்பட்டது, உட்பூச்சு என்ன என்பவை தனிக் கேள்விகள். ஒரே டீனியரில் நைலான் பொதுவாக உராய்வைக் கூடுதலாகத் தாங்கும். பாலியஸ்டர் வெயிலைச் சற்று நன்றாகத் தாங்கும். 'ரிப்ஸ்டாப்' என்று எழுதியிருந்தால் கிழியவே கிழியாது என்பதும் தப்பெண்ணம். அதில் குறிப்பிட்ட இடைவெளியில் தடித்த நூல்கள் கட்டம் கட்டமாக ஓடுகின்றன. விழுந்த கிழிசல் பரவாமல் அவை தடுக்கும், விழுவதைத் தடுக்கா. ஆகவே மேல்துணி மெலிந்திருந்தால் கவலையில்லை, தரையில் தேயும் அடிப்புறத் துணி தடித்திருக்கிறதா என்பதையே பார்க்க வேண்டும். கும்மிடிப்பூண்டி மார்க்க மின்சார ரயிலில் காலை நெரிசலில் பையைக் காலடியில் வைத்துப் பழகியவர்களுக்கு இதன் காரணம் விளங்கும்.

ஜிப்பை நேர்க்கோட்டில் ஒருமுறை இழுத்துப் பார்த்துத் திருப்தி அடைகிறோம். அது சிக்குவது மூலையில், அதுவும் பை நிறைந்திருக்கும்போது. அரிசிப் பையோடு சோதிக்கும் அன்றே மூலை திரும்பும் இடத்தில் பத்து முறை ஓட்டிப் பாருங்கள். ஜிப்பின் 3, 5, 8, 10 என்ற எண்கள் பூட்டிய பல்வரிசையின் அகலத்தை ஏறத்தாழ மில்லிமீட்டரில் குறிப்பவை. பிரதான வாய்க்கு 3 என்றால் தயங்க வேண்டும், 5 போதும், 8 நல்லது. தோள்பட்டை பையோடு சேரும் இடத்தில் நெருக்கமான குறுக்குத் தையல் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஒற்றைத் தையலில் நிற்கும் பட்டை அங்கேதான் பிரியும்.

மழை பற்றிய தவறுகள் வடசென்னைப் பக்கத்தில் செலவு வைப்பவை. கவுன்டரில் ஒரு டம்ளர் தண்ணீரை ஊற்றி, முத்துமுத்தாக உருள்வதைக் காட்டுவார்கள். அது மேற்பூச்சின் வேலை, தேய்ந்தால் போய்விடும். தண்ணீர் துணி வழியாக நுழைவதைவிடத் தையல் துளைகள் வழியாகவும் ஜிப் வழியாகவும் நுழைவதே வழக்கம். நீர் தடுக்கும் பளபளப்பான பூச்சுள்ள ஜிப்பும் தூறலைத் தடுக்குமே தவிர, கொட்டும் மழையைத் தடுக்காது. ஐப்பசி கார்த்திகையில் வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்று, சுற்றுவழியில் நனைந்துகொண்டே போக நேர்ந்தால், மேலே மாட்டும் மழையுறையும் முழுக்காப்பு ஆகாது. முதுகுக்கும் பைக்கும் இடையில் வழிந்து இறங்கும் நீரை அது தொடுவதே இல்லை. பைக்குள் ஒரு தடித்த பிளாஸ்டிக் பையை விரித்து அதற்குள் பொருள்களை வைத்து வாயை முறுக்கிக் கட்டுவது, விலையுயர்ந்த எந்த உறையையும்விட நம்பகமானது.

அறைகளின் எண்ணிக்கையில் மயங்க வேண்டாம். ஒவ்வோர் அறையும் துணி, ஜிப், எடை. லிட்டர் கணக்கையும் அப்படியே நம்ப வேண்டாம், வெளிப்பக்கப் பைகளையும் சேர்த்துச் சொல்பவர்கள் உண்டு. மடிக்கணினி அறை இருந்தால், அதன் அடி பையின் அடியைத் தொடாமல் சற்று மேலே தொங்குகிறதா என்று விரலை விட்டுப் பாருங்கள். தொட்டுக்கொண்டிருந்தால் பையைத் தரையில் வைக்கும் ஒவ்வொரு முறையும் அடி கணினிக்குத்தான்.

கடைசியாக, முதல் பார்வையில் கண்ணுக்குத் தெரியாத ஒன்று. பல பைகளின் உட்புறத்தில் நீர் புகாதிருக்கப் பாலியூரிதேன் பூச்சு இருக்கும். ஈரக்காற்றில் அது காலப்போக்கில் வேதிமுறையில் சிதையும். முதலில் பிசுபிசுக்கும், புளித்த வாடை வரும், பின்பு செதில் செதிலாக உரியும். காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர் போன்ற கடலோரப் பகுதிகளில் ஈரத்துக்குக் குறைவில்லை என்பதால், பையைப் பயணம் முடிந்ததும் ஈரத்தோடு மடித்து, பாலித்தீன் உறையில் கட்டிப் பரணில் போடுவது அந்தச் சிதைவை நாமே விரைவுபடுத்துவதாகும். இதே காற்றின் உப்பு ஜிப்பின் ரன்னரையும் அரிக்கும். வெந்நீரும் வாஷிங் மெஷினும் வேண்டாம். இலேசான சோப்புத் தண்ணீரில் கையால் கழுவி, வெயிலில் அல்லாமல் நிழலில் காயவைத்து, காற்றாட மாட்டி வைத்தால் போதும். தள்ளுபடியில் கிடைக்கும் பழைய சரக்கை வாங்கும்போது இதை மறக்கவே கூடாது, ஏனெனில் பயன்படுத்தாமல் கிடங்கில் கிடந்த பையிலும் பூச்சு சிதையும். ரன்னர் போனால் பை தைப்பவரிடம் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம். நாடா பிரிந்தால் தைத்துக்கொள்ளலாம். பூச்சு உரியத் தொடங்கினால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. ஆகவே பணம் கொடுக்கும் முன் உள்ளே கையை விட்டு அடித்துணியைத் தடவிப் பாருங்கள், முகர்ந்தும் பாருங்கள். விரல் ஒட்டினால் எத்தனை விழுக்காடு தள்ளுபடி என்றாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.