சத்தத்தை வைத்து எழுதுவது எப்படி? மாட்டுத்தாவணியில் ஒரு செய்முறை

பொருளைத் தள்ளி வைத்துவிட்டு ஓசையைப் பிடித்துக்கொண்டு எழுதுவதெல்லாம் வெள்ளைக்காரன் வித்தை என்று பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். 1916இல் சூரிச்சில் ஜெர்மன் கவிஞர் ஹியூகோ பால் பொருளே இல்லாத சொற்களால் கவிதை வாசித்தார், 1939இல் வந்த ‘ஃபின்னெகன்ஸ் வேக்’ நாவலின் முதல் பக்கத்திலேயே ஐரிஷ் எழுத்தாளர் ஜேம்ஸ் ஜாய்ஸ் பல மொழிகளின் இடிச்சொற்களை ஒட்டி, 100 எழுத்து நீளத்தில் ஒரே சொல்லாக இடியை இறக்கினார், சரி. ஆனால் 7ஆம் நூற்றாண்டிலேயே சம்பந்தர் முன்னிருந்தும் பின்னிருந்தும் ஒன்றுபோல வாசிக்கும் மாலைமாற்றுப் பதிகம் பாடிவிட்டார், காளமேகம் தகர வரிசையை மட்டும் வைத்து ஒரு வெண்பாவே முடித்தார். அதனால் கூச்சப்படாமல் ஆரம்பிக்கலாம்.

படி 1: கேளுங்கள்

நோட்டும் பேனாவுமாக மதுரை மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் போய் நில்லுங்கள். காதில் விழுவதை விழுந்தபடியே எழுத வேண்டும், கை தானாகத் திருத்தப் பார்க்கும், விடாதீர்கள். ‘பரமக்குடி’ என்று கூப்பிட ஆரம்பித்தவர் வேகம் கூடக் கூட ‘ரமக்குடி, மக்குடி, மக்டி’ என்று வந்து நிற்பார். நமக்கு வேண்டியது அந்த மக்டிதான். ஹாரன், சுண்டல் விற்பவர் குரல், ஸ்பீக்கர் அறிவிப்பு எல்லாமே சரக்கு.

படி 2: பிரியுங்கள்

வல்லினம் அதிகமாக இருப்பவை ஒரு பக்கம், மெல்லினமும் இடையினமும் இன்னொரு பக்கம். முதலாவது இடிக்கும், இரண்டாவது இழுத்துக்கொண்டு போகும். அவ்வளவுதான், இதில் ரொம்ப நேரம் செலவழிக்க வேண்டாம்.

படி 3: ஒட்டுங்கள்

வேலையே இங்கேதான். ஒரு சொல் முடியும் சத்தத்தில் அடுத்த சொல்லைத் தொடங்குங்கள், இடைவெளியை எடுத்துவிடுங்கள், சொல்லும் சொல்லும் சேரும்போது நடக்கும் புணர்ச்சி பாதி வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும். இப்படி:

பரமக்குடிக்கடிக்கடிவண்டிகிண்டிவருமாண்ணே
மக்டிமக்டியேறியேறுமேலேறு

முதல் வரியில் பரமக்குடி, அடிக்கடி, வண்டி மூன்றும் ஒரே ‘டி’யில் சறுக்கிக்கொண்டு போகின்றன, ‘வண்டிகிண்டி’ நாம் தினமும் பேசுவது. ஆனாலும் ஓர் ஆள் பஸ் கேட்கிறார் என்பது புரிகிறது பாருங்கள், அந்த நூலை மட்டும் அறுத்துவிடாதீர்கள். ஹியூகோ பால் மாதிரி மொத்தமாக அறுப்பதும் ஒரு வழிதான் என்றாலும், புதிதாக எழுதுபவர் அதில் இறங்கினால் மூன்றாவது வரியிலேயே எழுதுபவருக்கும் சலித்துவிடும் என்பது என் கட்சி.

படி 4: ஒரு விதி போடுங்கள்

ஒரே ஒரு வரிக்கு மட்டும் வல்லினமே வரக்கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘மாமா வரலை, மழை வரலை, மாலையும் வரலை.’ எளிதாகத் தெரியும், ஆனால் ற வல்லினம் என்பது மறந்து ‘ஏறி’, ‘மாறி’ எல்லாம் உள்ளே நுழைந்துவிடும். இடிக்கிற வரிகளுக்கு நடுவே இதை வையுங்கள், பஸ் கிளம்பிப் போன பிறகான நேரம் சொல்லாமலே வந்துவிடும். (மாலைமாற்று ஆசை இருந்தால் ‘தேரு வருதே’ மாதிரி குட்டியாகத் தொடங்குங்கள்.)

படி 5: சத்தமாக வாசியுங்கள்

செல்போனில் பதிவு செய்து, ஒரு மணி நேரம் கழித்துப் போட்டுக் கேளுங்கள். நாக்கு தடுக்கும் இடம் நீங்கள் வேண்டுமென்றே வைத்ததா என்று பாருங்கள், இல்லையென்றால் வெட்டுங்கள். அப்புறம் கவிதையே படிக்காத ஒருவரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். அவர் மூச்சு விட எங்கே நிற்கிறாரோ, அங்கே வரியை உடைத்துவிடலாம்.